ஆறு துளைக் கவ்வியும் அப்பாவின் பூட்டும்

அன்பு மகளே! அஞ்சா நெஞ்சத்தாளே! மின்னலைக் கட்டி மேய்க்கும் மங்கையே!

தாளின் தலைப்பில் தெரியும் மைக்கறையைப் பொருட்படுத்தாதே. “பெரியோர்களே, தாய்மார்களே” என்று தொடங்கிவிட்டுப் பிறகு அடித்தேன். நாற்பது ஆண்டு மேடைப் பழக்கம். எழுதுகோலைத் தொட்டாலும் எதிரே ஆயிரம் பேர் அமர்ந்திருப்பதாகவே கை நினைத்துக்கொள்கிறது. இன்று என் அவையில் இருப்பவள் நீ ஒருத்திதான். ஆகவே உன்னையே பேரவையாக விளித்து, என் குறையை முதலிலேயே முழங்கிவிடுகிறேன். ஒன்பது நாள்களாக இந்த இல்லத்தின் மேல்தொட்டியில் ஒரு சொட்டு நீர் இல்லை! ஒன்பது நாள்களாக உன் தந்தை தலைமுழுக நீராடவில்லை! இத்தனைக்கும் கரணியம், பின்கட்டில் நீ மாட்டிவிட்டுச் சென்ற ஒரு சிவப்புப் பூட்டு!

இங்கே அனைவரும் நலம் என்று அடுத்து எழுத வேண்டும். குளிக்காதவன் எழுதும் நலச்செய்தியை யார் நம்புவார்? ஆகவே இப்படி வைத்துக்கொள். உன் அம்மா நலம். உன் மாமா அழைக்காமல் வந்தவர், அனுப்பியும் போகாதவர், மிக மிக நலம். நான் காய்ந்துபோய் இருக்கிறேன். நீ நேரத்துக்கு உண்கிறாயா, கையுறை கிழிந்துவிட்டது என்றாயே புதிது கொடுத்தார்களா என்று அறிய விழைகிறோம். “விழைகிறோம்” என்றதில் நானும் அடக்கம். உன்னோடு பேசுவதில்லை என்று நான் உரைத்த சூளுரை வாய்க்கு மட்டுமே பொருந்தும், கைக்குப் பொருந்தாது என்று உன் அம்மா இன்று காலை தீர்ப்பளித்துவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமையிலிருந்தே தொடங்குகிறேன். நீயும் இங்கிருந்தவள்தான், மறுக்கவில்லை. ஆயினும் நீ இருந்தது பின்கட்டு, நான் இருந்தது முன்னறை. நடந்தது ஒன்று, அரங்கு இரண்டு. விடுமுறைக்கு வந்தவள், நீரேற்றி கரகரக்கிறது என்று கேட்டவுடனே கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாய். நானோ அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கான உரையை ஒலிபெருக்கியோடு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். உரையின் தலைப்பு “நம்பிக்கை.” உச்சத்தை நெருங்கிவிட்டேன். “எழுக! உறங்கும் ஆற்றலே, எழுந்து வருக!” என்று நான் கையை உயர்த்திய அதே நொடியில் ஒலிபெருக்கி செத்துப்போயிற்று. பின்கட்டு நீரேற்றிக்கும் முன்னறைக்கும் ஒரே முறிப்பான், உன் மொழியில் பிரேக்கர், என்பதும், இவற்றைத் தனித்தனியே பிரித்துத் தருகிறேன் என்று நீ நான்கு ஆண்டுகளாக மன்றாடுவதும், “என் இல்லத்தில் பிரிவினைக்கு இடமில்லை” என்று நான் மறுத்துவருவதும் நாடறிந்த செய்திகள், குறைந்தது வீடறிந்தவை. ஆனால் அந்த நேரத்தில் இவற்றுள் எதுவும் என் நினைவில் எழவில்லை. என் குரலை எவனோ அணைத்துவிட்டான் என்ற ஒன்றே எழுந்தது. நடைவழிக்குப் பாய்ந்தேன். பலகையில் ஒரு நெம்பு தாழ்ந்து கிடந்தது. தூக்கி நிறுத்தினேன். ஒலிபெருக்கி உயிர்த்தது. “எழுந்து வருக!” என்று விட்ட இடத்திலிருந்து முழங்கினேன்.

எழுந்து வந்தது ஆற்றல் அன்று, நீ. இரண்டு கையிலும் கரி. முகத்தில் அரத்தமே இல்லை. ஒலிவாங்கியின் முன்னால் வந்து நின்று, நான் சொற்றொடரை முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டாய்.

“அப்பா, மெயின நீங்களா போட்டீங்க?”

“ஆமாம் மகளே. யாரோ அணைத்துவிட்டார்கள்.”

“அணைச்சது நான்தாம்பா. மோட்டார்ல ரெண்டு கையும் வச்சிருந்தேன்.”

அதற்கு நான் சொன்ன மறுமொழி உனக்கு நினைவிருக்கும். எனக்கும் இருக்கிறது, அதுதான் என் நோய். “ஒன்றும் ஆகவில்லையே!” என்றேன். நாற்பது ஆண்டுகளில் நான் பேசியவற்றுள் ஆகக் கீழான உரை அது; மூன்றே சொற்கள்கூட இல்லை.

“ஆகல. ஐசொலேட்டரத் தொறந்து லைனப் பிரிச்சு வச்சிருந்தேன். அதனாலதான் ஆகல” என்றாய். திரும்பிப் பின்கட்டுக்கு நடந்தாய். நானும் பின்னாலேயே வந்தேன். நீரேற்றிக்குப் பக்கத்துச் சுவரில், கைப்பிடியோடு இருக்கும் அந்தச் சாம்பல்நிறப் பெட்டியில், அதுதான் நீ சொன்ன ஐசொலேட்டராம், ஆறு துளைகள் கொண்ட ஓர் இரும்புக் கவ்வியை மாட்டினாய். ஒரு துளையில் உன் சிவப்புப் பூட்டு. அதிலிருந்து தொங்கும் அட்டையில், “ஆள் வேலையில். இயக்காதே.”

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடம் அது. கேட்டேனா? கொதித்தேன்!

“பூட்டா? என் வீட்டில், என் நீரேற்றிக்கு, என்னைப் பார்த்தா?”

“ஆளப் பார்த்துப் போடுற பூட்டு இல்லப்பா இது. எங்க முதலாளியே வந்து நின்னாலும் போடுவேன்.”

“அப்படியானால் பெற்ற தந்தை மீது உனக்கு நம்பிக்கை இல்லை!”

“நம்பிக்கை வேற, கரண்ட் வேறப்பா.”

அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கென்று சேர்த்து வைத்திருந்த நம்பிக்கை உரை முழுவதையும் அங்கேயே, நீரேற்றியின் தலைமையில், நாற்பது மணித்துளிகள் உன் முதுகுக்கு நிகழ்த்தினேன். நீ திருகாணிகளைக் கழற்றிக்கொண்டே இருந்தாய். இடையில் உன் அம்மா வந்து, “கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க, அவளுக்கு வெளிச்சம் மறைக்குது” என்றாள். வரலாற்றில் எந்தப் பேச்சாளனுக்கும் இப்படியொரு குறுக்கீடு நேர்ந்ததில்லை.

நீ பேரிங் என்னும் உருள்தாங்கி தேய்ந்துவிட்டது, புதிது வாங்கி வர வேண்டும், அதுவரை மூடி திறந்தே கிடக்கும், ஆகவே பூட்டும் இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மறுநாள் காரிக்கிழமை முதல் பேருந்தில் ஆலைக்குப் புறப்பட்டுவிட்டாய். போகும்போது என்னைப் பார்த்து, “வர்றேம்பா” என்றாய். நான் நாளிதழை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். தலைகீழாகப் பிடித்திருந்ததை உன் மாமா இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்.

நீ பேருந்தேறிய அரைமணி நேரத்தில் நான் பின்கட்டுக்குச் சென்றேன். அந்தக் கவ்வியை உற்றுப் பார்த்தேன். ஆறு துளைகள், ஒன்றில் நீ, ஐந்து வெறுமை. காலி இருக்கையைக் கண்டால் விட்டுவைக்காத மேடையில் வளர்ந்தவன் நான். நீ ஒரு பூட்டால் உன் கருத்தைத் தெரிவித்தாய்; எனக்கும் கருத்து உண்டு, எனக்கும் பூட்டு உண்டு! என் உரைத்தாள்களை வைத்திருக்கும் பெட்டியின் பித்தளைப் பூட்டை எடுத்து, உன்னுடையதற்கு அடுத்த துளையில் மாட்டினேன். பிறகு வாசலுக்கு வந்து, உன் அம்மாவும் மாமாவும் கேட்க, இரண்டு சூளுரைகள் செய்தேன். ஒன்று, அந்தச் சிவப்புப் பூட்டு அகலும்வரை உன்னோடு ஒரு சொல்லும் பேசேன். இரண்டு, அதுவரை பின்கட்டில் காலடி வையேன். என் பூட்டின் திறவுகோலை அப்போது என்ன செய்தேன் என்பதை இங்கே எழுதினால் மடலின் ஓட்டம் கெடும்; விடு.

அந்தக் கவ்வி எதற்கு என்று அன்று எனக்குத் தெரியாது. ஒரே எந்திரத்தில் பலர் வேலை செய்யும்போது ஆளுக்கொரு பூட்டுப் போடுவதற்காகவே அத்தனை துளைகள் என்பதும், கடைசி ஆளின் கடைசிப் பூட்டு அகலும்வரை கைப்பிடி அசையாது என்பதும் பின்னர்த்தான் தெரிந்தது. உன் அம்மாவுக்கு மட்டும் அது எப்படியோ அன்றே தெரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உன் மாமா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“அத்தான், அக்காவும் ஒண்ணு போட்டுட்டாங்க!”

“எதை?”

“பூட்டு!”

அழைத்துக் கேட்டேன். “ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு பூட்டுவீங்க, நடுவுல நான் மட்டும் வாளி தூக்கணுமா? என்னோடதும் கிடக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் பேசுற அன்னைக்குத்தான் எடுப்பேன்” என்றாள். பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அவளும் ஓர் அறிவிப்பு எழுதித் தொங்கவிட்டிருப்பதாக மாமா வாய்மொழிந்தார். “இங்கேயும் வேலை நடக்கிறது” என்பது அதன் வாசகமாம்.

அன்று தொடங்கியது என் வறட்சிக்காலம். தரையடித் தொட்டியில் நீர் ததும்புகிறது; ஆனால் அது இருப்பது பின்கட்டில். என் சூளுரை வாசல்படியில் நிற்கிறது. உன் அம்மா மொண்டு வந்து தருவது நாளொன்றுக்கு ஒரு வாளி. “குடிக்கவா, குளிக்கவா?” என்றேன். “பேசுறதுக்கு” என்றாள். “தொண்டை காயாம இருக்கணும்ல?” உன் மாமா மட்டும் நாள்தோறும் இருமுறை பின்கட்டுக்குப் போய்த் தொட்டியோரம் நின்று, நான் கேட்கும்படி பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்கிறார்.

ஆறு நாள் பொறுத்தேன். ஏழாம் நாள், வியாழக்கிழமை, வெள்ளை வேட்டி சட்டை அணிந்து, மூன்று பக்கக் கண்டன அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, திறவுகோலைக் கேட்டுப் பெறுவதென்று உன் ஆலைக்கே கிளம்பிவிட்டேன். வாயால் பேசுவதில்லை என்பது சூளுரை. அறிக்கையை நீட்டுவது பேச்சாகாது என்பது என் சட்ட நுணுக்கம். இரண்டு மணி நேரப் பேருந்து. இறங்கும்போதே மாச்சில் வேகும் மணம் தெருவெல்லாம் பரவிக் கிடந்தது. “மாச்சில் ஆலைக்கு வழி எது?” என்று நால்வரைக் கேட்டேன், நால்வரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். ஐந்தாமவரிடம் தலைகுனிந்து “பிஸ்கட்” என்றேன். கையை நீட்டிக் காட்டிவிட்டார்.

வாயிற்காவலரிடம் உன் உறவைச் சொன்னதும் உள்ளிருந்து உங்கள் மேற்பார்வையாளர் கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“அடடே, பூட்டக்காவோட அப்பாவா? வாங்க வாங்க!”

என் மகளுக்கு இப்படியொரு பட்டம் இருப்பதை நான் அன்றுதான் அறிந்தேன். எனக்குக் கொடுக்கப்பட்ட பட்டங்கள் ஏழு. அவற்றுள் நான்கு, நானே பரிந்துரைத்தவை. உன்னுடையது தானாக வந்தது என்று கேட்டபோதே தெரிந்துவிட்டது.

மாவு பிசையும் பேரெந்திரத்தின் முன்னால் தரையில் இழுத்திருந்த மஞ்சள் கோட்டுக்கு இப்பால் என்னை நிறுத்தினார். எந்திரம் அமைதியாக இருந்தது. பக்கத்துச் சுவரில் நம் வீட்டுப் பெட்டியைப் போலவே, ஆனால் அதன் தாத்தா அளவில், ஒரு பெட்டி. அதே ஆறு துளைக் கவ்வி. அதில் ஒரு சிவப்புப் பூட்டு. பூட்டின் அட்டையில் உன் ஒளிப்படம். சிரிக்காத முகம், பள்ளியில் கணக்குப் போடும்போது வைத்திருப்பாயே, அதே முகம்.

“கூப்பிடுங்கள் அவளை” என்றேன்.

“முடியாதுங்க. உள்ள இருக்கா. பூட்டு வெளிய இருந்தா ஆள் உள்ள இருக்காங்கன்னு அர்த்தம். வேலைய முடிச்சிட்டு அவளே வந்து எடுக்கணும்.”

“நீங்கள் மேற்பார்வையாளர். உங்களிடம் இன்னொரு திறவுகோல் இருக்குமே?”

“எனக்கா? அவ பூட்டுக்கு ஒரே சாவி, அது அவ சட்டைப் பையில. நானே கேட்டாலும் குடுக்க மாட்டா. குடுத்தா நானே திட்டுவேன்.”

அறிக்கை என் பையிலேயே சுருண்டது. ஆனாலும் விட்டேனா? மேலே ஏற்கெனவே ஒரு முறிப்பான் இருக்கும்போது, கீழே எதற்கு இன்னொன்று, இரண்டும் அணைப்பதுதானே என்று வாதிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். நான் மேடையில் குறிப்பெடுப்பவன் அல்லன். அன்று அறிக்கையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

“பிரேக்கர் இருக்கே, அது ஓடிக்கிட்டு இருக்கற கரண்டயே வெட்டும். வெட்டும்போது நெருப்பு பத்தும். அத அணைக்க உள்ளயே ஏற்பாடு இருக்கு. ஐசொலேட்டருக்கு அந்த ஏற்பாடு கிடையாது. பெரிசுகள ஓட்டத்துல தொறந்தோம்னா நெருப்பு ரெண்டு பக்கமும் பாலம் கட்டிக்கும், ஆள் காலி. வீட்டுல இருக்கற சின்னதுல சிலது தாங்கும். ஆனா உங்க பொண்ணு பழக்கத்த மாத்த மாட்டா. மொதல்ல பிரேக்கர், அப்புறம் ஐசொலேட்டர்.”

“நெருப்பைத் தாங்காத அதை எதற்கு வைத்திருக்கிறீர்கள்?”

“பிரேக்கர் பெட்டிக்குள்ள என்ன பண்ணுதுன்னு நமக்குத் தெரியாதுங்க. நெம்பு கீழ இருக்கும், உள்ள ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். இது அப்படி இல்ல. இந்தக் கண்ணாடி வழியாப் பாருங்க. செம்புக் கத்தி தனியா நிக்குதா? நடுவுல வெறும் காத்து. கண்ணால பார்த்த இடைவெளி. அதுக்கு மேல பூட்டு. அதுக்கும் மேல டெஸ்டர வச்சுப் பார்ப்பா. அதுக்கும் முன்னாடி, டெஸ்டர் வேலை செய்யுதான்னு கரண்ட் இருக்கற எடத்துல வச்சுப் பார்ப்பா.”

எனக்கு என் வழியில் விளங்கியது, மகளே. முறிப்பான் என்பது அவைத்தலைவர். கொழுந்துவிட்டு எரியும் பேச்சையும் நடுவில் மணியடித்து நிறுத்தும் துணிவு அவருக்கு உண்டு. பிரிப்பான், அதாவது அந்த ஐசொலேட்டர், அரங்கக் காவலர். கூட்டம் நடக்கும்போது கதவைச் சாத்த மாட்டார், சாத்தவும் கூடாது. எல்லாம் ஓய்ந்தபின் கதவை அடைத்து, பூட்டி, இனி எந்தப் பேச்சாளனும் உள்ளே நுழைந்து தொடங்கிவிடாதபடி பார்த்துக்கொள்வார். அந்த வெள்ளிக்கிழமை அவைத்தலைவரின் மணியையும் மீறி மறுபடி பேசத் தொடங்கியவன் உன் தந்தை. கதவடைத்து நின்று உன்னைக் காத்தது அந்தச் சாம்பல்நிறப் பெட்டி.

“பூட்டக்கான்னு ஏன் பேரு தெரியுமா?” என்று மேற்பார்வையாளர் தொடர்ந்தார். “மூணு வருஷத்துக்கு முன்னாடி, உள்ள ஒரு அம்மா இறங்கிக் கழுவிக்கிட்டு இருந்தாங்க. அப்ப ஒருத்தரு வந்து கைப்பிடியத் திருகினாரு. அவரும் நல்ல மனுஷன்தாங்க, கெட்ட எண்ணமே கிடையாது. ‘யாரோ அணைச்சிட்டாங்க’ன்னு நெனச்சுப் போட வந்தாரு. அந்த அம்மாவோட பூட்டு அன்னைக்குத் தொலைஞ்சு போச்சுன்னு உங்க பொண்ணு தன் பூட்டப் போட்டு, வேலை முடியற வரைக்கும் எதிர்லயே நின்னுக்கிட்டு இருந்தா. கைப்பிடி அசையல.”

யாரோ அணைத்துவிட்டார்கள். என் வாயிலிருந்து வந்த அதே சொற்கள். கெட்ட எண்ணமே கிடையாது. எனக்கும்தான் கிடையாது. துணிவைப் பற்றி நான் நூறு மேடைகளில் பேசியிருக்கிறேன்; அதில் எந்த உரையையும் நீ எனக்கு ஒருநாளும் நிகழ்த்தியதில்லை. நடந்ததை வீட்டில் சொன்னதுமில்லை.

யாரோ அழைக்க, மேற்பார்வையாளர் “இங்கயே நில்லுங்க, வந்துடறேன்” என்று போனார். நான் தனியே நின்றேன். அப்போது கையில் அட்டையும் எழுதுகோலுமாக ஒருவர் வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டியை நோக்கிக் கையை நீட்டினார். அவ்வளவுதான். “நில்! உள்ளே என் மகள் இருக்கிறாள்!” என்று, ஒலிபெருக்கியின்றி ஐயாயிரம் பேருக்குக் கேட்கும் குரலில் முழங்கினேன். அவர் எழுதுகோலைக் கீழே போட்டுவிட்டார். அட்டையில் உள்ள நேரத்தைப் பார்த்துக் குறிக்க வந்தவராம். அழாக்குறையாகச் சொன்னார். அவருக்கு நீர் வாங்கிக் கொடுத்து அமர்த்தினேன்.

ஆனால் ஒன்று. எந்திரத்துக்குள்ளிருந்து சுத்தியல் தட்டும் ஓசை வந்துகொண்டே இருந்தது அல்லவா? நான் முழங்கிய நொடியில் அது நின்றது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு மீண்டும் தொடங்கியது. என் குரலை நீ அடையாளம் கண்டாயா, வேறு வேலையாக நிறுத்தினாயா, அறியேன். மேற்பார்வையாளர் திரும்பியதும் வணக்கம் சொல்லிப் புறப்பட்டுவிட்டேன். நீ வெளியே வந்திருந்தால் பேசியிருப்பேன்; பேசினால் சூளுரை உடையும்; அதைவிட, என்ன பேசுவதென்று எனக்கே தெரியவில்லை. எனக்கு இப்படி நேர்ந்தது இதுவே முதன்முறை.

வீடு திரும்பினால், உன் மாமா இரும்பறுக்கும் இரம்பத்தோடு நடைவழியில் நிற்கிறார்.

“அத்தான், நீங்க சாவியோட வர மாட்டீங்கன்னு தெரியும். ரெண்டு நிமிஷ வேலை. பாப்பாவோட பூட்டோட மத்த ரெண்டையும் அறுத்துட்டு மோட்டாரப் போட்டுடலாம்.”

“தொட்டால் தெரியும்!” என்று நடைவழியின் குறுக்கே படுத்துவிட்டேன்.

“என்ன அத்தான், காலையில அந்தப் பூட்டத் திட்டிக்கிட்டே போனீங்க?”

“காலையில் போனவன் வேறு. போட்டவர்தாம் எடுக்க வேண்டும்!”

“நேத்துத் தொவைச்ச வேட்டி, அழுக்காகுது, எந்திரிங்க” என்றாள் உன் அம்மா. ஆனால் இரம்பத்தை அவள்தான் வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமைக் கூட்டம். விடியலில் புறப்பட்டேன். “நம்பிக்கை” என்ற உரையில் பாதியை அடித்துவிட்டு மேடையேறினேன். நடுவில் ஒலிபெருக்கி செத்தது. தொண்டர் ஒருவர் பலகையை நோக்கிப் பாய்ந்தார். “யாரும் எதையும் போடாதீர்கள்! எங்கேனும் ஒருவர் கை வைத்திருக்கலாம்!” என்று கத்தினேன். உண்மையிலேயே மேடையின் பின்னால் ஒலிபெருக்கிக்காரர் அறுந்த கம்பியைக் கையில் பிடித்தபடி குந்தியிருந்தார். அவர் எழுந்து வந்து கையைக் காட்டும்வரை அவை முழுவதையும் வாளாவிருக்கச் செய்தேன். பிறகு கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அது என் உரையின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். மாலை வீடு திரும்பியபோது முதன்முறையாக எனக்கு உரையின் ஒரு வரியும் நினைவில் இல்லை. அவர் காட்டிய இரண்டு வெறுங்கைகள் மட்டுமே நினைவில் இருந்தன.

ஆகவே மகளே, வழக்கு இப்படி முடிகிறது. பூட்டுப் போட்டது உன் பிழை அன்று. பூட்டைக் கண்டு புண்பட்டது என் பிழை. நம்பிக்கை வேறு, மின்னோட்டம் வேறு. ஆயினும் தீர்ப்பை ஏற்றவனுக்கும் குளிக்க உரிமை உண்டு! நீ வந்து உன் சிவப்புப் பூட்டை எடு. அடுத்த நொடி நான் என்னுடையதை எடுக்கிறேன். உன் அம்மா தன்னுடையதை எடுப்பாள். ஒன்பது நாள்களாக உன் வருகைக்காக, உன் ஒரே பூட்டுக்காக, இந்தக் குடும்பமே காய்ந்து நிற்கிறது. முதல் பேருந்தில் வா!

உன் கைகள் இரண்டும் நீடு வாழ்க. அவற்றை அணிந்திருக்கும் நீயும் வாழ்க. மேற்பார்வையாளருக்கு வணக்கம். அட்டைக்காரரிடம் என் வருத்தத்தைச் சொல். உன் அம்மா, சாப்பாட்டு நேரத்தில் திருகாணி எண்ணிக்கொண்டிருக்காதே என்கிறாள். உன் மாமா கேட்டது பிஸ்கட். மாச்சில் என்று எழுத மறுத்துவிட்டார்.

என்றும் உன் நலம் நாடும்,
தந்தை

பின்குறிப்பு: மடலை உறையில் இடும் முன்பு, உன் அட்டையில் உள்ள சொற்களைப் பிழையின்றி எடுத்தாண்டிருக்கிறேனா என்று சரிபார்க்கும் பொருட்டு, இரண்டாம் சூளுரையை உடைத்துப் பின்கட்டுக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. ஒன்பது நாள் முன்பே போயிருக்க வேண்டும்.

நீரேற்றியின் மூடி பொருத்தப்பட்டிருக்கிறது. உன் சிவப்புப் பூட்டு அங்கே இல்லை! உன் அம்மாவுடையதும் இல்லை! ஆறு துளைகளில் தொங்குவது ஒன்றே ஒன்று: என் பித்தளை.

உன் அம்மாவை அழைத்து முழங்கினேன். “நேத்து நீங்க கூட்டத்துக்குப் போனப்ப வந்தா. பேரிங்க மாத்தினா, மூடினா, தன் பூட்ட எடுத்துக்கிட்டு மதிய பஸ்ஸப் புடிச்சா. என்னோடத, நீங்க லெட்டர் எழுத உக்காந்தப்பவே எடுத்துட்டேன்” என்கிறாள். ஏன் சொல்லவில்லை என்றால், “பூட்டு பூட்டுன்னு ஒன்பது நாளாக் கத்துறீங்களே, ஒரு தடவ போய்ப் பார்த்தீங்களா?” என்று என்னையே கேட்கிறாள்.

என் பூட்டில் நீ கட்டிவிட்டுப் போன அட்டையின் பின்பக்கம் எழுதியிருப்பதையும் படித்தேன். “என் வேலை முடிந்தது. மீதி அப்பா பூட்டு. போட்டவர்தான் எடுக்கணும். மாமா, ரம்பம் வேண்டாம்.” அதன் கீழே, சின்ன எழுத்தில், “ஆலையில குரல் கேட்டுச்சுப்பா.”

இனி மறைத்துப் பயனில்லை. என் பூட்டின் திறவுகோலை, அன்று சூளுரையின் உச்சத்தில், வாசலில் நின்று தலைக்கு மேலே சுழற்றி எறிந்தேன். நான் குறிவைத்தது வேலியை. அது போய் விழுந்தது தெருவோரச் சாக்கடை மூடியின் இடுக்கில். உன் மாமா கம்பி விட்டுத் துழாவியும் கிடைக்கவில்லை. ஆக இன்று இந்த வீட்டுக்கு நீர் வராததற்கு நான் ஒருவனே கரணியம்; மேலே எழுதிய அனைத்தையும் என்னை நோக்கித் திருப்பிப் படித்துக்கொள். தொலைந்த திறவுகோலின் பூட்டை வெட்டலாம், ஆனால் போட்டவர் எதிரே நிற்க வேண்டும், தகுதியுள்ள ஒருவர் எந்திரத்தைச் சரிபார்த்த பிறகே வெட்ட வேண்டும் என்று மேற்பார்வையாளர் சொன்னது என் குறிப்பில் இருக்கிறது. போட்டவன் நிற்கிறேன். தகுதியுள்ளவர் இந்தக் குடும்பத்தில் நீ ஒருத்திதான்.

இம்மடலை உன் மாமா கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். அவரை வேண்டுமானால் அங்கேயே வைத்துக்கொள். வெட்டுங்கருவியை மட்டும் மறவாமல் எடுத்து வா. வெட்டியபின் முதலில் பிரிப்பானை மூடி இணைக்க வேண்டும், அதற்குப் பிறகே மேலே முறிப்பான். வரிசை எனக்குத் தெரியும். நடைவழிப் பலகையின் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். பின்கட்டிலிருந்து “போடலாம்பா” என்று நீ குரல் கொடுக்கும்வரை அந்த நெம்பைத் தொட மாட்டேன்.

அன்னைக்கு மெயினப் போட்டது நான்தாம்மா. தப்பு என்னோடதுதான். மன்னிச்சுடும்மா.

படித்தது போதும். எழு, கருவிப்பையை எடு, அடுத்த பேருந்தில் ஏறு!